பஞ்சியல்ல, வருத்தம்

எங்கட ஊரில ஒரு ஆள் எழும்ப ஏலாமல் நாள்கணக்காகக் கிடந்தால் வாயில் முதலில் வருவது 'பஞ்சி' என்ற சொல்தான். நாங்களும் சொல்லியிருக்கிறோம். மருத்துவ உலகம் இதைவிடப் பெரிய சொல் ஒன்றைப் பாவித்தது. அந்தக் கதை 1955இல், லண்டன் றோயல் ஃபிறீ வைத்தியசாலையில் தொடங்குகிறது.

அந்த யூலையில் அங்கே வேலை செய்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். தலையிடி, தொண்டை நோ, கழுத்து நோ, தசைகளில் பலவீனம். 25ஆம் திகதி வைத்தியசாலையையே மூடினார்கள், ஒக்ரோபரில்தான் திறந்தார்கள். பாதிக்கப்பட்ட பணியாளர்கள் 292 பேர். ஏற்கெனவே அங்கே நோயாளராய் இருந்தவர்களில் 12 பேருக்கு மட்டும்தான் வந்தது. கிருமி எதுவும் பிடிபடவில்லை. அடுத்த வருடம் 'லான்செட்' இதழ் இதற்கு 'தீங்கற்ற மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸ்' என்று பெயர் முன்மொழிந்தது. ஒருவரும் சாகவில்லை, அதனால் 'தீங்கற்ற'. வருடக்கணக்காகப் படுக்கையில் கிடந்தவர்களைக் கேட்டிருந்தால் வேறு பெயர் சொல்லியிருப்பார்கள்.

1970இல் மெக்எவடி, பியர்ட் என்ற இரண்டு மனநல வைத்தியர்கள் பழைய குறிப்பேடுகளைப் புரட்டிவிட்டு, இது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். நோயாளர் எவரையும் அவர்கள் பரிசோதிக்கவில்லை. அவர்கள் காட்டிய காரணங்களில் இரண்டு: காய்ச்சல் கொஞ்சம், வேதனை நிறைய, ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதலாக வந்தது. பெண்கள் சொன்னால் மனப்பிரமை! வருத்தக்காரரை நேரில் பார்த்த தொற்றுநோய் நிபுணர் மெல்வின் ராம்சே கடைசிவரை இதை மறுத்துக்கொண்டே இருந்தார்.

1980களின் நடுவில் அமெரிக்காவின் நெவாடாவில், டாஹோ ஏரிக்கரையில், இதே மாதிரி ஒரு அலை. 1988இல் 'நாட்பட்ட களைப்பு நோய்க்குறி' என்ற பெயர் வந்தது. இந்தப் பெயர்தான் எங்களுக்குப் பிடிக்காதது. களைப்பு ஆருக்குத்தான் இல்லை? இந்த நோயின் அடையாளம் வேறு: இன்றைக்குக் கொஞ்சம் உழைத்தால் நாளைக்கோ நாளையண்டைக்கோ உடம்பு விழுந்துபோகும். காரணம் இன்னும் உறுதியாகவில்லை. பலருக்கு ஒரு வைரஸ் தொற்றுக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

வைத்தியர் நம்பாத இடத்தில் சனம் வேறு கதவைத் தட்டும். அப்படித் திறந்த கதவுதான் ஒஸ்டியோபதி, 1874இல் அமெரிக்கரான அன்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடக்கிய, கையால் எலும்பையும் தசையையும் பார்க்கும் வைத்தியம். மான்செஸ்டரைச் சேர்ந்த றேமண்ட் பெரின் 1989 தொடக்கம் இந்த நோயாளரைப் பார்த்து வந்தார். மூளையிலும் முள்ளந்தண்டிலும் இருந்து கழிவு வடிகிற நிணநீர்ப் பாதை குழம்புவதே காரணம் என்பது அவருடைய வாதம். நீவி, அசைத்து, அந்த வடிகாலைத் திறக்கலாம் என்றார். தசைநோ கொஞ்சம் இளகலாம், சரி. ஆனால் அதுதான் காரணம், இதுதான் தீர்வு என்று நிறுவப்படவில்லை. ஒரு ஆள் தொட்டுப் பார்த்து 'உங்களுக்கு வருத்தம் இருக்கு' என்று சொன்னதே பலருக்குப் பாதி மருந்தாய் இருந்திருக்கும் என்று நினைக்கிறோம்.

பெரிய மருத்துவமும் பிழை விட்டது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டச் சொல்லி 2007இல் பரிந்துரைத்த இங்கிலாந்தின் 'நைஸ்' நிறுவனம், 2021இல் அதைக் கைவிட்டது. உடம்பில் இருக்கிற சக்திக்குள் நிற்கப் பழகு என்பதே இப்போதைய அறிவுரை. அந்தக் கணக்கில் ஒஸ்டியோபதியும் சேரும்: பஸ் ஏறிப் போய், மேசையில் கிடந்து, திரும்பி வருவதே அடுத்த மூன்று நாளைக் கட்டிலில் கழிக்க வைக்கலாம்.