சமையலறை மர அலமாரி மேற்பூச்சு

சமையலறை மர அலமாரி மேற்பூச்சு என்பது சமையலறை அலமாரிகளின் கதவுகள், இழுப்பறைகள், சட்டங்கள் ஆகியவற்றை ஈரம், எண்ணெய், வெப்பம், கறை ஆகியவற்றிலிருந்து காக்கவும், மரத்தின் இழையோட்டத்தைப் புலப்படுத்தவும் இடப்படும் மெல்லிய படலம் ஆகும். அரக்கு, உலரும் எண்ணெய், வார்னிசு, மெலமைன், பாலியூரித்தேன் ஆகியன இதற்குப் பயன்படும் முதன்மைப் பொருட்கள். கூடத்து நாற்காலிக்குப் பொருந்தும் பூச்சு சமையலறைக்கும் பொருந்தும் என்று கொள்ள இயலாது.

== பின்னணி ==
தமிழகத்தின் பழைய வீடுகளில் சமையலறைப் பொருட்கள் மாடக்குழிகளிலும் பரண்களிலும் உறிகளிலும் வைக்கப்பட்டன. பின்னர்ச் சுவரில் பதித்த கடப்பாக் கல் தட்டுகள் பரவலாயின. கல்லுக்கு மேற்பூச்சு தேவையில்லை. அத்தட்டுகளுக்கு மரக் கதவுகளும், அடுப்பு மேடைக்குக் கீழே மர அலமாரிகளும் அமைக்கப்பட்டபோதே பூச்சு பற்றிய கேள்வி எழுந்தது. மர இருக்கைகளுக்கு வழங்கிவந்த அரக்குப் பூச்சே பல இடங்களில் இங்கும் இடப்பட்டது.

== மரமும் ஈரமும் ==
மரம் காற்றிலுள்ள ஈரத்தை உள்வாங்கிப் பருக்கும், வறண்டால் சுருங்கும். இம்மாற்றம் இழைக்குக் குறுக்காக மிகுதியாகவும் நெடுக்காக மிகக் குறைவாகவும் இருக்கும். எந்தப் பூச்சும் இதை முற்றிலும் தடுப்பதில்லை. அதன் வேகத்தைக் குறைக்கிறது. எனவே கதவின் முன்புறத்தில் மட்டும் பூசினால் இரு பக்கங்களும் வெவ்வேறு வேகத்தில் ஈரம் ஏற்றுக் கதவு வளையக்கூடும். பின்புறத்திற்கும் அதே எண்ணிக்கையில் பூச்சுகள் இடுவது இதைக் குறைக்கும். ஈரம் மிக விரைவாகப் புகும் இடம் பலகையின் வெட்டுமுனை ஆகும். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழுள்ள கதவுகள் அடிவிளிம்பில் முதலில் கெடுவதற்கு இது ஒரு காரணம்.

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி, களம்பூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் கோடை வெப்பமும் வறட்சியும், வடகிழக்குப் பருவமழைக் கால ஈரமும் மாறிமாறி வருவதால் இவ்விளைவுகள் தெளிவாகத் தெரியும். மழை நாட்களில் அரக்கோ நைட்ரோசெல்லுலோசுப் பூச்சோ இட்டால், கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, பூச்சு வெண்மூட்டம் அடையும்.

== வகைகள் ==
* '''அரக்கு''': கெரியா லாக்கா என்னும் பூச்சி சுரக்கும் பிசினைச் சாராயத்தில் கரைத்துப் பெறப்படுவது. 'பிரெஞ்சு பாலிசு' இதைத் துணிப் பந்தால் பல முறை தேய்த்துப் பூசும் முறையாகும். விரைவில் உலரும், தேய்ந்த இடத்தில் மீண்டும் பூசினால் பழைய படலத்துடன் கலந்துவிடும். ஆயினும் 75–80 °செ அளவில் உருகும். சோப்பு, சோடா போன்ற காரப் பொருட்களால் கரையும். ஈரம் தங்கினால் வெண்தடம் ஏற்படும்.
* '''உலரும் எண்ணெய்''': ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிசனுடன் வினைபுரிந்து கெட்டியாகிறது. பழுது பார்ப்பது எளிது. தண்ணீரை நெடுநேரம் தாங்காது. அவ்வப்போது மீண்டும் பூச வேண்டும்.
* '''மெலமைன்''': அமிலத்தால் இறுகும் பிசின். கடினமான, பளபளப்பான படலம் தரும். இறுகும்போது பார்மால்டிகைடு வெளியாகும்.
* '''பாலியூரித்தேன்''': இவ்வகைப் பல்லுறுப்பியை 1937இல் செருமனியில் ஓட்டோ பேயரும் உடன் பணியாற்றியோரும் உருவாக்கினர். இரு கூறுகளைக் கலந்து பூசும் வகை தண்ணீர், எண்ணெய், சோப்பு ஆகியவற்றை நன்கு தாங்கும். கீறல் விழுந்தால் அவ்விடத்தில் மட்டும் சரிசெய்வது கடினம். பெரும்பாலும் முழுப் பலகையையும் தேய்த்துப் புதிதாகப் பூச நேரிடும்.

தேக்கில் இயற்கையாக உள்ள எண்ணெய்ப் பொருட்கள் சில வார்னிசுகள் உலர்வதைத் தாமதப்படுத்தும். பூசுவதற்குச் சற்றுமுன் கரைப்பானால் பரப்பைத் துடைப்பது இதற்கான தீர்வு.

== தெரிவு ==
பூச்சின் விலையையும் பளபளப்பையும் விட, அலமாரியின் எப்பகுதியை எது தாக்கும் என்பதே முதன்மையானது.

* தண்ணீர்த் தொட்டி, அடுப்பு ஆகியவற்றை ஒட்டிய கதவுகள்: தண்ணீர், நீராவி, தாளிப்பு எண்ணெய், அடிக்கடி சோப்புத் துடைப்பு. பாலியூரித்தேன் ஏற்றது.
* பரணை ஒட்டிய மேல் அலமாரிகள்: தாக்கம் குறைவு. எண்ணெயோ அரக்கோ போதும். ஆனால் அடுப்புக்கு நேர் மேலே அரக்கு ஏற்றதன்று.
* மளிகை வைக்கும் உட்புறம்: மணம் முற்றிலும் அடங்கிய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

மஞ்சள் கறை தனிச் சிக்கல். மஞ்சளிலுள்ள குர்க்குமின் எண்ணெயில் கரைந்து பூச்சுக்குள் ஊடுருவும். வெளிர்நிறப் பூச்சில் மிகுதியாகத் தெரியும். வெயில் பட்டால் மங்கும்.

அதே மரத்துண்டு ஒன்றில் எல்லாப் பூச்சுகளையும் இட்டு, முழுதும் இறுகிய பின், எண்ணெயில் குழைத்த மஞ்சள், ஈரத்துணி, சூடான பாத்திரம் ஆகியவற்றை ஓர் இரவு வைத்துப் பார்ப்பது நம்பத்தக்க சோதனை. பாலியூரித்தேன் ஓரிரு நாட்களில் கைக்கு ஒட்டாத நிலையை அடைந்தாலும், முழுக் கடினத்தன்மை பெற ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும்.

== பாதுகாப்பு ==
ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணிகளைச் சுருட்டிக் குவித்தால், வினையின் வெப்பம் வெளியேறாமல் அவை தாமாகவே தீப்பற்றும். 1991 பெப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசா கட்டடத்தின் 22ஆம் மாடியில் மர வேலைக்குப் பின் விடப்பட்ட இத்தகைய துணிகளிலிருந்து தொடங்கிய தீயில் 3 தீயணைப்பு வீரர்கள் இறந்தனர். துணிகளை விரித்துத் திறந்த வெளியில் உலர்த்தவோ, தண்ணீரில் அமிழ்த்தி மூடிவைக்கவோ வேண்டும்.

இரு கூறு பாலியூரித்தேனின் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட்டு ஆசுத்துமாவை உண்டாக்கக்கூடும். தெளிப்பவருக்கு முகத்துணி போதிய காப்பாகாது. பார்மால்டிகைடு மாந்தருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. நிறப்பூச்சு இடுவோர், வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயத்தின் அளவை மில்லியனுக்கு 90 பங்கு என வரையறுக்கும் இந்திய விதிகள் 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளதைக் கருத்தில் கொள்ள வேண்டும். அதற்கு முந்தைய வண்ணங்களை மீதமிருந்தாலும் அலமாரிக்குப் பயன்படுத்துதல் தவிர்க்கத்தக்கது.

== இவற்றையும் பார்க்கவும் ==
* அரக்கு
* தேக்கு
* தச்சுத் தொழில்