கல்வீட்டின் உரிமை யாருக்கு?

கிரேக்க நாட்டின் பழைய நகரங்களில் 'உதுமானியக் காலத்துக் கல்வீடு விற்பனைக்கு' என்னும் அறிவிப்புகள் அவ்வப்போது வெளியாகின்றன. அடித்தளம் முழுவதும் கருங்கல், அதன்மேல் மரச்சட்டத்தில் எழுப்பித் தெருவுக்குமேல் நீண்டு நிற்கும் மாடி, ஆண் விருந்தினருக்குத் தனி அறை, பெண்கள் பகுதிக்குத் தனி வழி எனப் பல வீடுகளின் அமைப்பை அவை விவரிக்கும். அவ்வீட்டில் முன்னர் வாழ்ந்தோர் யார் என்பது மட்டும் பெரும்பாலும் அதில் இடம்பெறுவதில்லை.

உதுமானியக் காலத்து வீடு என்றதும் அது முஸ்லிமின் வீடு என முடிவு கட்டலாகாது. தெஸ்ஸாலியின் அம்பெலாக்கியா ஊரில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த புகழ்பெற்ற ஷ்வார்ட்ஸ் மாளிகை, ஒரு கிறிஸ்தவ வணிகர் கட்டியதேயாகும். ஒரே தச்சர் மரபு இரு சமயத்தாருக்கும் வீடு கட்டித் தந்தது.

ஆயினும் முஸ்லிம்கள் விட்டுச் சென்ற வீடுகள் பல. 1923 ஜனவரி 30 அன்று லோசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் மக்கள் பரிமாற்ற உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. மக்களைப் பிரித்த அளவுகோல் மொழியன்று, சமயமே. கிரேக்க மொழியன்றி வேறு அறியாத கிரீட் தீவு முஸ்லிம்களும் துருக்கிக்கு அனுப்பப்பட்டனர். துருக்கி மொழி பேசிய அனத்தோலியக் கிறிஸ்தவர்களும் கிரேக்கத்திற்கு அனுப்பப்பட்டனர். போரில் முன்னரே தப்பியோடியோரையும் சேர்த்து ஏறத்தாழ 12 லட்சம் கிறிஸ்தவர்களும், மூன்றரை லட்சத்திற்கும் மேற்பட்ட முஸ்லிம்களும் பிறந்த மண்ணை இழந்தனர். மேற்குத் திரேஸ் முஸ்லிம்களுக்கும் இஸ்தான்புல் கிரேக்கர்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. துன்பம் ஒரு தரப்பினர்க்கு மட்டும் உரியதன்று என்பதை நாம் நேர்மையுடன் சொல்லியாக வேண்டும். துருக்கியின் காயாக்கொய் சிற்றூரில் கிறிஸ்தவர்கள் விட்டுச் சென்ற கல்வீடுகள் இன்றும் கூரையின்றி நிற்கின்றன.

சொத்துகளை மதிப்பிட்டு ஈடு வழங்குவதாக உடன்படிக்கை வாக்களித்தது. மதிப்பீட்டுப் பணி முடிவுறாமல் இழுபட்டது. இறுதியில் 1930 ஜூன் 10 அன்று அங்காராவில் எழுதப்பட்ட ஒப்பந்தம், விட்டுச் சென்ற சொத்துகளை அந்தந்த அரசுக்கே உரியதாக்கி வழக்கை முடித்தது. எனவே இன்று அத்தகைய வீட்டை விற்பவரின் பத்திரம் செல்லத்தக்கதே. அதில் நாம் ஐயமெழுப்பவில்லை. பெயர்ந்து சென்றவர்களின் பெயர்தான் அப்பத்திரத்தில் இல்லாமற்போயிற்று.

இவ்வகையில் கவாலா நகரம் தனித்துக் கருதத்தக்கது. எகிப்தை 1805 முதல் 1848 வரை ஆண்ட முஹம்மது அலி பாஷா 1769இல் பிறந்த துறைமுக நகரம் அது. கோட்டைக் குன்றின்மீது அவருடைய இரண்டடுக்கு வீடு இன்றும் நிற்கிறது. கீழ்த்தளத்தில் குதிரை லாயமும் மேல்தளத்தில் வாழும் பகுதியும் அமைந்தவை. அதே குன்றின் சரிவில் மத்ரஸா, தொழுமிடம், ஏழைகளுக்கும் மாணவர்க்கும் உணவளிக்கும் கூடம் ஆகியவற்றை உள்ளடக்கிய 'இமாரத்' என்னும் வளாகத்தை அவர் எழுப்பி வக்ஃபு செய்தார். அதன் செலவுக்கு, சுல்தான் அவருக்கு அளித்திருந்த தாஸோஸ் தீவின் வருவாயையும் ஒதுக்கினார்.

1913இல் கவாலா கிரேக்கத்தின் வசமாயிற்று. இப்ராஹீம் பாஷா 16ஆம் நூற்றாண்டில் கட்டிய பள்ளிவாசல் பின்னர் தேவாலயமாயிற்று. வாகிஃபின் வழித்தொடர்பு எகிப்தைச் சார்ந்திருந்தமையால் வீடும் இமாரத்தும் மட்டும் கைவிடப்பட்ட சொத்தாகக் கருதப்படாமல் எகிப்தின் உரிமையிலேயே தொடர்ந்தன. அவற்றைக் காத்தது மதிலின் உறுதியன்று, உரிமையாளர் இன்னார் என்பதற்கான பதிவும், அதை எடுத்துரைக்க ஓர் அரசு இருந்ததுமே என்பது நம் கருத்து.

புகையிலைக் கிடங்காகவும் அகதிகளின் உறைவிடமாகவும் சிதைந்து கிடந்த இமாரத், 2000களின் தொடக்கத்தில் செப்பனிடப்பட்டு 2004இல் தங்கும் விடுதியாகத் திறக்கப்பட்டது. மத்ரஸா மாணவர் பாடம் ஓதிய அறைகளில் இப்போது பயணிகள் தங்குகின்றனர். வாகிஃபின் நோக்கத்திற்கும் இதற்கும் இடையேயுள்ள தொலைவு சிறிதன்று. எனினும் அது குத்தகைக்கே விடப்பட்டது, விற்கப்படவில்லை.