தமிழர் உண்ட புழுங்கலரிசி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஈப்போவைச் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் தோண்ட வந்த சீனத் தொழிலாளர் பலரைப் பெரிபெரி என்னும் நோய் மாய்த்தது. கால்கள் மரத்தன, உடல் வீங்கியது, இறுதியில் நெஞ்சு நின்றது. மண்ணின் நச்சு என்றனர் சிலர். தொற்று என்றனர் வேறு சிலர். ஆனால், வறுமையில் அவர்களுக்குக் குறையாதவராய்த் தோட்டத்து லயங்களில் நெருங்கி வாழ்ந்த தமிழரை அந்நோய் பெரும்பாலும் தீண்டவில்லை.

வேறுபாடு சோற்றுப்பானையில் இருந்தது. சீனர் உண்டது தவிடு நீங்கத் தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கையில் தவிட்டின் சத்து அரிசிக்குள் ஊடுருவுகிறது. பின்னர்த் தீட்டினாலும் முற்றும் நீங்குவதில்லை. இவ்வழக்கம் மருத்துவம் கருதி எழுந்ததன்று. ஆகவே இதனை முன்னோரின் மருத்துவ அறிவெனப் புகழ்வது பொருந்தாது.

நெகிரி செம்பிலான் மருத்துவர் பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில் பச்சரிசியையே குற்றஞ்சாட்டினார். அரிசியில் நஞ்சு உண்டென அவர் கருதியது பிழை. அரிசியைச் சுட்டியது சரி. அதே காலத்தில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர், நோயாளரை ஒற்றை எண், இரட்டை எண் எனப் பிரித்து, ஒரு சாராருக்குப் பச்சரிசியும் மறுசாராருக்குப் புழுங்கலும் அளித்தார். பச்சரிசி உண்டோரிடையே நோய் பரவிற்று, சிலர் இறந்தனர். இன்றைய அறநெறி அச்சோதனையை ஒப்பாது. பின்னர் பிரேசரும் ஸ்டான்டனும் ஜெலெபுவில் சாவகத் தொழிலாளரிடையே ஆய்ந்து அதனை உறுதிசெய்தனர். தவிட்டில் காக்கும் பொருள் உண்டென்பதையும் காட்டினர்.

அப்பொருள் தயமின். 1926இல் சாவகத்தில் பிரித்தெடுக்கப்பட்ட அதனை, நெல்லூரில் பிறந்த இராபர்ட் வில்லியம்ஸ் 1936இல் செயற்கையாக ஆக்கினார். உயிரணு சர்க்கரையை எரித்து ஆற்றல் பெறத் தயமின் இன்றியமையாதது. அது குன்றினால், ஓயாது உழைக்கும் நரம்பும் இதயமும் முதலில் தளர்கின்றன.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் ஈப்போ போன்ற நகரங்களில் குடியேறினர். விடியலில் மரம் மரமாய் நடந்து பால்வெட்டிய உழைப்பு நின்றது. சோறும் இனிப்புத் தேநீரும் நிற்கவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாய்வில் மலேசியப் பெரியோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட்டது. இனவாரியாக இந்தியரிடையேதான் அது மிகுதி. அன்று சீனத் தொழிலாளரின் உயிரணு, சர்க்கரையை எரிக்கச் சத்தின்றித் தவித்தது. இன்று நீரிழிவாளரின் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்து நிற்க, உயிரணு இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதில்லை.