பெயர் ஓடுகிறது, மனிதர் துயில்கின்றனர்

பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் வேளாங்கண்ணிக்குத் திருப்பயணிகளை ஏற்றிச் சென்ற வாடகை வண்டிகளுள் 'டவேரா' என்று ஊரார் அழைத்த வண்டியை நம்மில் பலர் அறிவோம். அதன் முகப்பில் பக்கவாட்டில் நீண்ட சிலுவையைப் போன்றதொரு பொன்னிறச் சின்னம் பதிந்திருக்கும். அதைச் செய்த நிறுவனத்தின் பெயர் செவர்லே. 2017-ஆம் ஆண்டோடு அந்நிறுவனத்தின் கார்கள் இந்தியாவில் விற்பனையாவது நின்றுபோயிற்று. ஆயினும் அப்பெயர் நம் சாலைகளுக்குப் புதிதன்று. 1928-ஆம் ஆண்டிலேயே பம்பாயில் அதன் கார்களைப் பூட்டி முடிக்கும் தொழிற்சாலை ஒன்று இயங்கத் தொடங்கியது.

செவர்லே என்பது ஒரு குடும்பத்தின் பெயர். அக்குடும்பத்தின் சகோதரர் இருவர் அமெரிக்க நாட்டில் இண்டியானாபொலிஸ் நகரின் தென்பகுதியிலுள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். திருச்சிலுவையின் பெயரையும் புனித சூசையப்பரின் பெயரையும் ஒருங்கே தாங்கிய தோட்டம் அது. மூத்தவர் லூயி, இளையவர் காஸ்டன். கோடிக்கணக்கான கார்களில் பெயர் பொறிக்கப்பட்ட இவர்களின் கதை, பெயர் என்பது யாருக்குச் சொந்தம் என்னும் வினாவை நம் முன் வைக்கிறது. இறந்தோரை நினைக்கும் நவம்பர் மாதத்திற்கு ஏற்ற வினா அது.

கடிகாரக்காரரின் மகன்

லூயி செவர்லே 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று, சுவிட்சர்லாந்தின் லா ஷோ-த-ஃபோன் என்னும் ஊரில் பிறந்தார். அது கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன ஊர். தந்தையும் கடிகாரம் செய்பவரே. குடும்பம் பின்னர் பிரான்சின் பர்கண்டிப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே லூயி மிதிவண்டி பழுதுபார்க்கும் பட்டறையில் தொழில் கற்றார். மிதிவண்டிப் பந்தயங்களிலும் ஓடினார். 1900-ஆம் ஆண்டில் கனடாவின் மான்ட்ரியல் நகருக்குக் கப்பலேறி, அங்கிருந்து நியூயார்க்கை அடைந்தார். கார்ப் பட்டறைகளில் வேலை பார்த்தவர், 1905-ஆம் ஆண்டில் பந்தயக் காரின் சக்கரத்தைப் பிடித்தார். அந்நாளைய புகழ்பெற்ற ஓட்டுநரான பார்னி ஓல்டுஃபீல்டையே அவர் முந்தியபோது செய்தித்தாள்கள் அவரைத் தேடி வந்தன.

அக்காலத்துப் பந்தயக் கார்களில் இருவர் அமர்வர். ஒருவர் ஓட்டுநர்; மற்றவர் உடன் செல்லும் மெக்கானிக். எண்ணெயைக் கையால் பம்ப் செய்வதும், டயரின் நிலையைக் கவனிப்பதும், பின்னால் நெருங்கி வரும் காரைத் திரும்பிப் பார்த்து எச்சரிப்பதும் மெக்கானிக்கின் பணி. சக்கரம் அவர் கையில் இல்லை. கார் கவிழ்ந்தால் சாவு மட்டும் இருவருக்கும் பொது. இந்த இரண்டாம் இருக்கைக்காரரை வாசகர் மறவாமல் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

செங்கல் பதித்த தடம்

1909-ஆம் ஆண்டில் கார்ல் ஃபிஷர், ஜேம்ஸ் அலிசன், ஆர்தர் நியூபி, ஃபிராங்க் வீலர் என்னும் நால்வர் சேர்ந்து இண்டியானாபொலிஸ் நகரின் அருகே சுற்றுக்கு இரண்டரை மைல், அதாவது 4 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடத்தை அமைத்தனர். உடைத்த கல்லும் தாரும் கொண்டு போடப்பட்ட தளம் அது. அவ்வாண்டு ஆகஸ்டு 19 முதல் 21 வரை அங்கே முதன்முதலாகக் கார்கள் ஓடின. சக்கரங்களின் கீழ் தளம் பெயர்ந்து, கல் தெறித்து, புழுதி கிளம்பிற்று. லூயி செவர்லேயின் கண்காப்புக் கண்ணாடி உடைந்து, பார்வை மங்கி, அவர் பந்தயத்திலிருந்து விலக நேர்ந்தது. முதல் நாளில் வில்லியம் பூர்க் என்னும் ஓட்டுநரும் அவருடைய மெக்கானிக் ஹாரி ஹோல்கோம்பும் மாண்டனர். மூன்றாம் நாளில் கிளாட் கெல்லம் என்னும் மெக்கானிக்கும், வேடிக்கை பார்க்க வந்த இருவரும் மாண்டனர். மூன்று நாளில் ஐந்து உயிர்கள்.

உரிமையாளர்கள் தடத்தை மூடிவிடவில்லை. அவ்வாண்டின் இறுதிக்குள் 32 இலட்சம் செங்கற்களைப் பதித்துத் தளத்தை உறுதிப்படுத்தினர். 1911-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் அதன்மீது முதல் 500 மைல் பந்தயம் நடந்தது. ரே ஹாரூன் வென்றார். அவர் மெக்கானிக்கை ஏற்றிக்கொள்ளாமல், பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி ஒன்றைக் காரில் பொருத்தித் தனியாக ஓட்டினார். வேறொரு காரில் சென்ற சாம் டிக்சன் என்னும் மெக்கானிக் அதே பந்தயத்தில் இறந்தார். வெற்றியாளரின் பெயரை வரலாறு பாடமாகப் படிக்கிறது. டிக்சனின் பெயர் அடிக்குறிப்பில் கிடக்கிறது.

விற்கப்பட்ட பெயர்

அதே 1911-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் டெட்ராய்ட் நகரில் செவர்லே மோட்டார் கம்பெனி பிறந்தது. முதல் திரட்டியவர் வில்லியம் டியூரன்ட். அவர் தாம் நிறுவிய ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆட்சியை முந்தைய ஆண்டு இழந்தவர். மீண்டும் எழுவதற்கு ஒரு பெயர் அவருக்குத் தேவைப்பட்டது. பந்தய வீரர் லூயியின் பெயர் மக்கள் அறிந்த பெயர். லூயி தம் கைத்திறனோடு பெயரையும் சேர்த்துக் கொடுத்தார்.

இருவரின் எண்ணமும் விரைவிலேயே முரண்பட்டது. விரைவும் அழகும் கொண்ட உயர்ந்த காரைச் செய்ய லூயி விரும்பினார்; ஏராளமானோர் வாங்கக்கூடிய மலிவான காரை டியூரன்ட் விரும்பினார். லூயி விலகினார், தம் பங்குகளையும் விற்றுவிட்டார். பெயர் மட்டும் கம்பெனியிடமே தங்கிவிட்டது. அப்பங்குகளின் மதிப்பு பெருகப் பெருக, அவற்றைக் கொண்டே டியூரன்ட் ஜெனரல் மோட்டார்ஸைத் திரும்பக் கைப்பற்றினார். விற்றவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. இனித் தாம் செய்யும் காருக்குத் தம் சொந்தப் பெயரைச் சூட்ட இயலாத நிலையில், லூயி தம் தம்பியர் ஆர்தர், காஸ்டன் ஆகியோருடன் ஃப்ரான்டனாக் என்னும் வேறு பெயரில் பந்தயக் கார்களைச் செய்யத் தொடங்கினார்.

நவம்பர் 25

உழைப்பு கனிந்த ஆண்டு 1920. அவ்வாண்டு மே 31-ஆம் நாள் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில், லூயி உருவாக்கிய காரை ஓட்டிக் காஸ்டன் முதலாவதாக வந்தார். சராசரி விரைவு மணிக்கு ஏறத்தாழ 142 கிலோமீட்டர். அண்ணன் செய்தான், தம்பி ஓட்டினான் என்று ஒரு குடும்பம் பெருமையுறும் நாள் அது.

ஆறு மாதம் செல்லவில்லை. நவம்பர் 25-ஆம் நாள், அமெரிக்கர் நன்றி கூறும் திருநாளாகக் கொண்டாடும் வியாழக்கிழமையன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே பெவர்லி ஹில்சில் மரப்பலகை பாவிய தடத்தில் காஸ்டன் ஓட்டினார். எடி ஓடோனல் என்பவரின் காரும் அவர் காரும் மோதிக்கொண்டன. காஸ்டன் இறந்தார், வயது 28. ஓடோனலும் அவருடைய மெக்கானிக் லயல் ஜோல்சும் அவ்விபத்திலேயே உயிரிழந்தனர். அவ்வாண்டின் அமெரிக்கப் பந்தய வாகையர் பட்டம் மறைந்த காஸ்டனுக்கே உரியதாயிற்று.

லூயி அதன்பின் பந்தயம் ஓட்டவில்லை. 1921-ஆம் ஆண்டில் அவர் செய்த ஃப்ரான்டனாக் காரில் டாமி மில்டன் வென்றார். ஆயினும் தொழில் நிலைக்கவில்லை. விமானப் பொறி செய்யும் முயற்சியும் பலன் தரவில்லை. பொருளாதார வீழ்ச்சியின் ஆண்டுகளில், 1930-களில், தம் பெயர் தாங்கிய தொழிற்சாலையிலேயே அவர் கூலிக்கு வேலை செய்தார். வாயிலில் தம் பெயர். உள்ளே தாம் ஓர் ஊழியர். நோயுற்று, 1941-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். இண்டியானாபொலிசில் தம்பி துயிலும் தோட்டத்திலேயே அவரையும் அடக்கம் செய்தனர்.

இரு தோட்டங்கள்

அதே நகரில் இன்னொரு புகழ்பெற்ற கல்லறைத் தோட்டம் உண்டு. 1863-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கிரவுன் ஹில் அது. அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த பெஞ்சமின் ஹாரிசன் அங்கே துயில்கிறார். பந்தயத் தடத்தை நிறுவியவர்களுள் ஃபிஷரும் அலிசனும் அங்கேதான் உள்ளனர். சதுப்பு நிலத்தைத் தூர்த்து மயாமி பீச் நகரை உருவாக்கிய ஃபிஷர், 1926-ஆம் ஆண்டுப் புயலிலும் 1929-ஆம் ஆண்டுப் பங்குச் சந்தை வீழ்ச்சியிலும் செல்வத்தை இழந்து 1939-இல் எளிய நிலையில் இறந்தவர். முதலாளிக்கும் வீரருக்கும் இறுதி ஏறக்குறைய ஒன்றுபோலவே அமைந்தது. எனினும் இவர்கள் யாவருக்கும் கல் இருக்கிறது. கல்லில் பெயர் இருக்கிறது. பந்தய அன்பர்கள் தேடி வருகின்றனர்.

ஹோல்கோம்ப், கெல்லம், டிக்சன், ஜோல்ஸ் ஆகியோரைத் தேடி எவர் செல்கின்றனர்? நிறுவியவருக்கு நினைவு மண்டபம், ஓட்டியவருக்குக் கோப்பை, உடன் அமர்ந்தவருக்கு அடிக்குறிப்பு. நினைவு கூர்வதிலும் உலகம் வரிசை முறை வைத்திருக்கிறது.

நம் மண்ணின் நவம்பர்

இது அயலாரின் குறை மட்டுமன்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் விடியுமுன், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைக் கடந்து மருதையாற்றுப் பாலத்தை அடைந்தபோது, வெள்ளம் பாலத்தைச் சிதைத்திருந்தது. பெட்டிகள் ஆற்றில் வீழ்ந்தன. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அரசியல் நேர்மைக்கு எடுத்துக்காட்டாக அச்செயல் இன்றும் மேடைதோறும் கூறப்படுகிறது, கூறத்தக்கதே. ஆனால் அரியலூர் என்றதும் பதவி விலகிய ஒருவரின் பெயரைச் சொல்லத் தெரிந்த நமக்கு, இறந்தவருள் ஒருவரின் பெயரேனும் சொல்லத் தெரியுமா?

மோட்டார்ப் பந்தயமும் தமிழகத்துக்குப் புதிதன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் திறக்கப்பட்டது. கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதிக் காரின் எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவில் பந்தயக் கார்களை உருவாக்கி, இளைஞர் பலர் இத்துறையில் நுழைய வழி செய்தார். 1995-இல் வான்விபத்து ஒன்றில் அவர் மறைந்தார். கோவை அருகே செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. செவர்லேயின் பெயர் விலைக்குப் போயிற்று. கரிவரதனின் பெயரோ அன்பினால் சூட்டப்பட்டது. பெயர் ஒன்று நிலைப்பதற்கும் நினைவு ஒன்று நிலைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரண்டும் சேர்ந்து உணர்த்துகின்றன.

கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்குத் துயிலிடம் என்பது பொருள். நவம்பர் 2-ஆம் நாள் நம் சிற்றூர்களில் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு பூசி, செவ்வந்தி மாலை சூட்டி, மெழுகுதிரி ஏற்றுகிறோம். குருவானவர் தீர்த்தம் தெளித்துச் செபிக்கிறார். அவரவர் குடும்பத்துக் கல்லறையருகே அவரவர் நிற்பது இயல்பே. ஆயின் தோட்டத்தின் ஓரத்தில் கல் இல்லாத மண்மேடுகளும் உண்டு. பங்கின் மரணப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால், மிராசுதாரருக்கும் ஒரு வரி, அவர் வண்டியை ஓட்டியவருக்கும் ஒரு வரி, அவ்வண்டியில் மூட்டை ஏற்றியவருக்கும் ஒரு வரி என்று எல்லார் பெயரும் ஒரே அளவில் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். திருச்சபையின் நினைவு உலகத்தின் நினைவைப் போன்றதன்று என்பதற்கு அந்தப் பழைய ஏடு சான்று.

எனவே இந்த நவம்பரில் நம் வீட்டுக் கல்லறையில் ஏற்றும் திரிகளோடு இன்னும் ஒன்றை வாங்கிக் கொள்வோம். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் இரவெல்லாம் விழித்திருந்து மாண்ட லாரி ஓட்டுநருக்கும், அவருடன் அமர்ந்திருந்த கிளீனருக்கும், மருதையாற்றில் மறைந்தவர்களுக்கும், இண்டியானாபொலிசில் இரண்டாம் இருக்கையில் இறந்தவர்களுக்கும் உரியதாக அதைக் கல் இல்லாத ஒரு மண்மேட்டின்மேல் ஏற்றி வைப்போம்.