ஜேடிபி எஞ்சின்

ஜேடிபி எஞ்சின் என்பது டாடா மோட்டார்ஸின் 1.2 லிட்டர் ரெவோட்ரான் டர்போ பெட்ரோல் எஞ்சினை, கோயம்புத்தூரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து வேகத்துக்காகத் திருத்தி அமைத்த வடிவம். மூன்று சிலிண்டர், 114 பிஎஸ் திறன், 150 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி என்ற இரண்டு கார்களில் மட்டுமே 2018 முதல் 2020 வரை வந்தது. குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும் காரை ஸ்போர்ட்ஸ் கார் என்பதா என்று கேட்பவர்கள் உண்டு. கோவையின் பந்தய வரலாறு தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

இந்த ஊரில் பந்தய எஞ்சின் எப்போதுமே வீட்டுக் காரிலிருந்துதான் பிறந்திருக்கிறது. மில் குடும்பத்தைச் சேர்ந்த சுந்தரம் கரிவரதன் 1980களின் இறுதியில் வடிவமைத்த ஃபார்முலா மாருதி ஓர் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார். குழாய்களைப் பற்றவைத்த சட்டத்தில், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், மாருதி 800இன் 796 சிசி எஞ்சின் உட்கார்ந்திருந்தது. அதற்கும் மூன்று சிலிண்டர்தான். ஊருக்கு ஊர் கிடைக்கும் எஞ்சின், எந்த மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டக்கூடியது. பந்தயச் செலவு குறைந்தது அதனால்தான். பிற்பாடு ஃபார்முலா 1 வரை போன கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் தொடங்கியதும் ஃபார்முலா மாருதியில்தான். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பின்னர் வந்த எல்ஜிபி ஃபார்முலா 4 கார்களும் மாருதி ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர் எஞ்சினையே எடுத்துக்கொண்டன.

ரெவோட்ரான் என்ற பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. 2014இல் ஜெஸ்ட் காரில் வந்த முதல் ரெவோட்ரான் நான்கு சிலிண்டர் டர்போ, 90 பிஎஸ். 2016இல் டியாகோவில் வந்ததோ டர்போ இல்லாத மூன்று சிலிண்டர். 85 பிஎஸ், 114 நியூட்டன் மீட்டர். 2017இல் நெக்ஸானுக்காக மூன்று சிலிண்டரில் டர்போ பொருத்தியபோது 110 பிஎஸ், 170 நியூட்டன் மீட்டர் கிடைத்தது. ஜேடிபிக்கு உறவுமுறையில் நெருக்கம் இந்த நெக்ஸான் எஞ்சின்தான்.

டாடாவும் ஜெயமும் சம பங்கு போட்டு ஜேடி ஸ்பெஷல் வெஹிக்கிள்ஸ் என்ற கூட்டு நிறுவனத்தை 2017இல் தொடங்கின. ஜெயத்தின் ஜெ. ஆனந்த் பந்தயத்திலிருந்து தொழிலுக்கு வந்தவர். எஞ்சினின் அடிப்படையை அவர்கள் தொடவில்லை. சுற்றியுள்ளவற்றில் கை வைத்தார்கள். காற்று உள்ளே வரும் வழியும் புகை வெளியேறும் வழியும் மாறின, சைலன்சரின் குரல் கனத்தது. கியர் விகிதங்கள் பிக்கப்பை மனதில் வைத்து மறுபடி கணக்கிடப்பட்டன. காரின் உயரம் 4 மில்லிமீட்டர் குறைந்தது. செருப்பின் அடித்தோல் கனம்தான் அது.

இதில் டர்போவின் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வெளியேறும் புகையே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது, நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலே. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. புகை போதாதபோது சக்கரம் சோம்பிக் கிடக்கும். ஆக்சிலேட்டரை மிதித்து ஒரு மூச்சு விட்ட பிறகே வண்டி இழுக்கும். காற்றை அதிகம் அமுக்கினால் சூடேறி, பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்பே வெடித்து ‘நாக்கிங்’ கேட்கும். இந்த இரண்டுக்கும் நடுவே நின்று, ஒவ்வொரு வேகத்துக்கும் ஒவ்வொரு சுமைக்கும் எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று கணினியில் பதிவதுதான் எஞ்சின் திருத்தலின் பெரும்பகுதி.

ஒன்றைக் கவனிக்கலாம்: நெக்ஸானைவிடத் திறன் 4 பிஎஸ் கூடியது, முறுக்குவிசையோ 20 நியூட்டன் மீட்டர் குறைந்தது. நெக்ஸானுக்கு ஆறு கியர், ஜேடிபிக்கு ஐந்து. ஆனாலும் இலகுவான டியாகோ 100 கிலோமீட்டர் வேகத்தைச் சுமார் 10 விநாடியில் எட்டியது.

2018 பிப்ரவரியில் கிரேட்டர் நொய்டா கண்காட்சியில் காட்டப்பட்டு, அக்டோபரில் கார்கள் விற்பனைக்கு வந்தன. டியாகோ 6.39 லட்சம், டிகோர் 7.49 லட்சம் ரூபாய். இதே 1.2 லிட்டர் டர்போவை 190 பிஎஸ் வரை ஏற்றி, இருக்கைக்குப் பின்னால் வைத்த டாமோ ரேசிமோ என்ற இரண்டு இருக்கைக் காரை 2017 மார்ச்சில் ஜெனீவாவில் டாடா காட்டியிருந்தது. அசல் ஸ்போர்ட்ஸ் கார் அதுதான், விற்பனைக்கு வரவேயில்லை.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 (பிஎஸ்6) மாசு விதி அமலானது. சிறிய எண்ணிக்கையில் விற்கும் எஞ்சினுக்கு அந்தச் செலவு கட்டாது. ஜேடிபி அத்தோடு நின்றது. அதே ஆண்டில் ஜெயத்தின் பங்கையும் டாடா வாங்கிக்கொண்டது. 2024 ஜூனில் வந்த அல்ட்ரோஸ் ரேசரில் 120 பிஎஸ், 170 நியூட்டன் மீட்டர், ஆறு கியர் எல்லாம் இருந்தன. ஜேடிபி என்ற மூன்றெழுத்து மட்டும் இல்லை.