வரைந்தவரே கட்டியபோது: ராபர்ட் மையாரின் கட்டுமானத் தொழிலும் கான்கிரீட் பாலத்தின் வடிவ மாற்றமும்

சுவிட்சர்லாந்தின் ராபர்ட் மையாரை (1872–1940) பாலம் கட்டிய கலைஞராகவே பலரும் கொண்டாடுகிறார்கள். அவர் ஒரு கட்டுமான நிறுவனத்தின் முதலாளி என்பதை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறார்கள். அந்தத் தொழில் இல்லாமல் அவருடைய பாலங்களின் வடிவங்கள் பிறந்திருக்க மாட்டா என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பெர்னில் பிறந்த மையார், சூரிச் தொழில்நுட்பக் கழகத்தில் வில்ஹெல்ம் ரிட்டரிடம் பயின்று 1894-இல் பட்டம் பெற்றார். விசைகளை வரைபடமாக வரைந்து கணக்கிடுவதும், கட்டி முடித்த பாலத்தின் மேல் சுமையேற்றிச் சோதிப்பதும் ரிட்டரின் வழி. சூரிச்சில் 1899-இல் எழுந்த ஸ்டாஃபாக்கர் பாலத்தில் மையாரின் கான்கிரீட் வளைவைக் கல் முகப்பு மறைத்தது. 1901-இல் சுவோஸ் என்ற ஊரில் அவர் வடிவமைத்த பாலத்துக்கு அத்தகைய முகப்பு தேவைப்படவில்லை. அடிவளைவு, பக்கச் சுவர்கள், சாலைத் தளம் ஆகிய மூன்றும் உள்ளீடற்ற ஒரே பெட்டியாக இணைந்து சுமை தாங்கின.

1902-இல் அவர் சொந்த நிறுவனம் தொடங்கினார். புதுப் பொருள், புது வடிவம் என்றால் எந்த அதிகாரியும் தயங்குவார். வரைந்தவரே விலை குறித்து, கட்டித்தரும் பொறுப்பையும் ஏற்றால் அந்தத் தயக்கம் குறையும். நட்டம் வந்தால் அவர் தலையில்தான் விடியும். இந்த ஏற்பாட்டின் பலன் விரைவிலேயே தெரிந்தது.

1903-இல் சுவோஸ் பாலத்தின் பக்கச் சுவர்களில், கரைத்தாங்கிகளை ஒட்டி, விரிசல்கள் கண்டன. வேறொருவராக இருந்தால் அங்கே கம்பியைக் கூட்டி, சுவரைத் தடிமனாக்கச் சொல்லியிருப்பார். மையாரோ அந்தப் பகுதி சுமை தாங்குவதில் பங்கெடுக்கவில்லை, ஆகவே அது தேவையே இல்லை என்று முடிவு செய்தார். அது மூன்று கீல்கள் கொண்ட வளைவு. அத்தகைய வளைவில் கீல்கள் அமையும் உச்சியிலும் இரு அடிமுனைகளிலும் வளைவுத் திருப்புமை, அதாவது வளைக்கும் தாக்கம், இல்லை. பாலத்தின் நீளத்தில் கால் பங்குத் தூரத்தில், அதாவது கீல்களுக்கு நடுவே, அது மிகுதி. அங்கே ஆழம் கூடி முனைகளில் மெலிவதே இயல்பு. 1905-இல் டவனாசாவில் அவர் நிறுவனம் கட்டிய 51 மீட்டர் பாலத்தில் விரிசல் கண்ட பகுதி முக்கோணத் திறப்பாக மாறியது. கான்கிரீட் பாலம் கல்பாலத்தின் சாயலை விட்டு விலகியது இங்கேதான் என்பது என் துணிபு. 1927-இல் ஒரு நிலச்சரிவு டவனாசா பாலத்தை அடித்துச் சென்றது.

கட்டடங்களிலும் இதே போக்குதான். உத்தரங்களே இல்லாமல், தூணின் தலை காளானாக விரிந்து தளத்தை நேரடியாகத் தாங்கும் முறையை அவர் சோதனைத் தளங்கள் கட்டிப் பார்த்து உறுதி செய்தார். 1910-இல் சூரிச் கிடங்கு ஒன்றில் அதை நிறைவேற்றினார். அமெரிக்காவில் டர்னர் என்ற பொறியாளர் தனியாக இதே முறையை எட்டியிருந்தார். 

தொழில் ரஷ்யப் பேரரசுக்குள் விரிந்தது. 1914-இல் போர் மூண்டபோது அவர் குடும்பத்துடன் ரீகாவில் இருந்தார். பிறகு கார்க்கிவில் பெரிய தொழிற்சாலைப் பணிகள் நடந்தன. 1916-இல் மனைவி இறந்தார். அடுத்த ஆண்டுப் புரட்சியில் சொத்தெல்லாம் போயிற்று. மூன்று குழந்தைகளுடன் கடனாளியாகத் தாய்நாடு திரும்பியவர் ஜெனீவாவில் வடிவமைப்பு அலுவலகம் திறந்தார். கட்டுமான நிறுவனம் மீண்டும் அமையவில்லை.

ஆனால் ஒப்பந்தக்காரரின் கண் அவரிடமே இருந்தது. ஷியர்ஸ் அருகே 90 மீட்டர் அகலப் பள்ளத்தாக்கைத் தாண்ட வேண்டிய சல்கினாடோபெல் பாலத்துக்கு 19 வடிவங்கள் போட்டியிட்டன. ஒப்பந்தக்காரர் ஃப்ளோரியான் பிராடருடன் சேர்ந்து மையார் அளித்ததே மிகக் குறைந்த விலை. காரணம் சாரத்தில் இருக்கிறது. அவ்வளவு ஆழத்துக்கு மேல் மரச்சாரம் எழுப்புவதுதான் பெருஞ்செலவு. முதலில் மெல்லிய அடிவளைவை மட்டும் வார்த்தார்கள். அது இறுகியபின், மேலே வரும் சுவர்களின் எடையை அதுவும் சேர்ந்து தாங்கியது. எனவே ரிச்சர்ட் கோராய் அமைத்த சாரம் அந்த மெல்லிய வளைவின் எடைக்கு ஈடுகொடுத்தாலே போதும். 1930-இல் பாலம் முடிந்தது. 1947-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் மையாரின் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. 1991-இல் அமெரிக்கக் கட்டடப் பொறியாளர் சங்கம் சல்கினாடோபெலைப் பன்னாட்டு வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. 1928-இல் அதைத் தேர்ந்தவர்களின் கையில் இருந்ததோ விலைப்பட்டியல்.