இனம் என்னும் சொல்லும் கல்வராயன் மலைக் கடுக்காயும்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே நோக்குவோர்க்கு வானத்தை ஒட்டி நீண்டு கிடக்கும் ஒரு மலைத்தொடர் தென்படும். அதுவே கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாகிய அம்மலையிலிருந்து சமவெளிச் சந்தைக்கு இறங்கிவரும் பொருள்களுள் கடுக்காயும் ஒன்று. மருந்துக்கும் தோல் பதனிடுவதற்கும் பயன்படும் அந்தக் காயைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு சொல்லின் வரலாற்றை இன்று காண்போம். அச்சொல் ‘இனம்’ என்பது.

மாணவர்கள் எழுதக்கூடிய மூன்று வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். ‘திரிபலையில் சேரும் கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் ஒரே இனம்.’ ‘மேச்சேரி ஆடு ஒரு தனிச் சிற்றினம்.’ ‘மலைவாழ் மக்கள் நம்மினும் வேறான இனம்.’ மூன்றும் இலக்கணப் பிழையற்றவை. ஆயினும் உயிரியல் நோக்கில் மூன்றும் பிழையுடையவை. மூன்றாவது வாக்கியமோ பிழையோடு நில்லாது தீமையும் செய்வது.

உயிர்களை வகுத்துக் காணும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் மரபியல், அறிவின் படிநிலை கொண்டு உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுத்தது. வயிரம் உள்ளே அமைந்தவற்றை மரம் என்றும், புறத்தே அமைந்தவற்றைப் புல் என்றும் பிரித்தது. நுட்பமான பகுப்பே. எனினும் இவ்வுலகில் உள்ள ஒவ்வோர் உயிர்வகைக்கும் எந்நாட்டாரும் ஏற்கும் ஒரே பெயர் வேண்டும் என்னும் தேவை பிற்காலத்தில்தான் எழுந்தது.

அத்தேவையை நிறைவு செய்தவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். 1753ஆம் ஆண்டில் தாவரங்களுக்கும், 1758ஆம் ஆண்டில் விலங்குகளுக்கும் இருசொற் பெயரிடும் முறையை அவர் நிலைநாட்டினார். முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும்; இரண்டும் சேர்ந்தே சிற்றினத்தைக் குறிக்கும். நம் நாட்டில் தந்தை பெயரின் தலைப்பெழுத்து முன்னும், தன் பெயர் பின்னுமாக எழுதும் வழக்கத்தை இதற்கு ஒப்பாகக் கூறலாம்.

அம்முறை தமிழகக் கரைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகவில்லை. லின்னேயஸின் மாணவராகிய கேனிக் என்னும் மருத்துவர் 1768ஆம் ஆண்டில் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். தென்னாட்டுச் செடிகளைத் திரட்டி ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பினார். அவற்றைப் பெற்றவர்களுள் ஒருவர் லுண்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெட்சியஸ். அவர் 1788ஆம் ஆண்டில் கடுக்காய் மரத்துக்கு ‘டெர்மினாலியா செபுலா’ என்னும் பெயரைச் சூட்டினார். அப்பெயர் இன்றும் வழங்குகிறது.

இப்போது முதல் வாக்கியத்தை ஆராய்வோம். டெர்மினாலியா என்னும் அதே பேரினத்தில் தான்றியும் அடங்கும். ஆற்றங்கரை மருதும் அடங்கும். நெல்லியோ வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே, ‘கடுக்காயும் தான்றியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த இரு சிற்றினங்கள்; நெல்லி வேறு பேரினத்தது’ என்பதே சரியான வாக்கியம். ஒரு சூரணத்தில் சேர்வதால் உறவு பிறப்பதில்லை.

இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். சிற்றினம் என்பது, பொதுவாகத் தம்முள் கூடி, மீண்டும் ஈனவல்ல வழித்தோன்றல்களைத் தரும் உயிர்களின் தொகுதி. மேச்சேரி ஆடு பிற செம்மறிகளோடு கூடி அவ்வாறே பெருகும். எனவே அது செம்மறி என்னும் சிற்றினத்துக்குள் மனிதர் பேணி வளர்த்த ஒரு வகை. நெல்லிலும் அப்படியே, பொன்னி என்பது ரகம், சிற்றினம் அன்று. மேலும், சிற்றினம் தொகுதியின் பெயரேயன்றித் தனி உயிரின் பெயரன்று. ‘தோப்பில் நூறு சிற்றினங்கள் நிற்கின்றன’ என்றால் நூறு மரங்கள் என்று பொருளாகாது. நூறு வேறு வேறு தாவர வகைகள் என்றே பொருள்படும்.

மூன்றாவது வாக்கியமே நம் உள்ளத்தில் பதியவேண்டியது. கல்வராயன் மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். பெயரைக் கேட்டு அவர்களைக் கேரளத்தார் என்று எண்ணுவோர் உண்டு. அவர்கள் பேசுவது தமிழ். மலையில் வாழ்வதால் பெற்ற பெயர் அது. காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் வந்து மலைகளில் குடியேறினர் என்பது அவர்களது மரபுக்கதை. பெயர் ஒன்றாயிருப்பதால் மக்கள் ஒன்றாகார். பெயர் வேறாயிருப்பதால் உயிரினம் வேறாகாது.

மனிதர் அனைவரும் ‘ஹோமோ சேப்பியன்ஸ்’ என்னும் ஒரே சிற்றினம் என 1758ஆம் ஆண்டிலேயே பெயர் பெற்றனர். ஆனால் பெயரிட்ட லின்னேயஸே மனிதரைக் கண்டங்களின்படி பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் குணங்களையும் கற்பித்துச் சென்றார். பின்வந்தோர் அப்பிழையை வளர்த்தனர். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து குலங்களை வகுக்க முற்பட்டார். 1909ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவரது நூலில் மலையாளிகளும் இடம்பெற்றனர். வழக்கங்களைத் திரட்டித் தந்த பயன் அந்நூலுக்கு உண்டு. ஆனால் அளவுகோலால் மனிதரின் தரத்தைக் காணலாம் என்னும் எண்ணம் அறிவியலில் நிலைபெறவில்லை. 1950ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அமைப்பு வெளியிட்ட அறிக்கை, மாந்தர் யாவரும் ஒரே சிற்றினத்தவர் என்பதை உலகுக்கு வலியுறுத்தியது.

அப்படியாயின், மலைமக்கள் பின்தங்கியது ஏன்? விடை குருதியில் இல்லை, வரலாற்றில் உண்டு. நாடு 1947ஆம் ஆண்டில் விடுதலை பெற்ற பின்னரும், 1976ஆம் ஆண்டில் அரசு ஏற்கும் வரை கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. சாலையும் பள்ளியும் காலந்தாழ்ந்தே மலையேறின. ‘வேறான இனம்’ என்று ஒரு சொல்லால் முடித்துவிட்டால், இந்த வரலாற்றைக் கேட்கவேண்டிய கடமையிலிருந்து நாம் தப்பித்துக்கொள்கிறோம். பட்டியல் பழங்குடியினர் என்று சட்டம் அவர்களைக் குறிப்பது உரிமை வழங்குவதற்காக. உயிரியல் வேறுபாடு காட்டுவதற்காக அன்று.

உறவினரையும் ஒத்தவரையும் ‘இனம்’ என்பது தமிழின் பழைய வழக்கு. அதை நாம் கைவிட வேண்டியதில்லை. எனினும் உயிரியலைப் பேசுமிடத்துப் பேரினம், சிற்றினம் என்னும் சொற்களை எல்லையறிந்து ஆள்வோம். மக்களைப் பேசுமிடத்துச் சமூகம், குடி, மக்கள் என்போம். கள்ளக்குறிச்சிச் சந்தையில் கடுக்காயை விற்கும் மலைமகனும் அதை வாங்கும் நகரத்தாரும் ஒரே சிற்றினத்தவர். அந்த வாக்கியத்தில் எப்பிழையும் இல்லை.